டயப்பரில் வந்த காப்பித்தூள்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பல் கப்பலாக வந்த இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்கியே ஆயுளைக் கழித்தவர். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டிலும் அப்படியேதான். சம்பளத்தை மனைவி கையில் கொடுத்ததோடு தன் பாடு முடிந்தது என்று இருந்துவிட்டார்.

ஓய்வுக்குப் பிறகு வருமானம் பாதிக்கும் கீழே போனது. சாப்பாட்டு மேசையில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. அதே காப்பி, அதே வெண்ணெய், கிண்ணம் நிறைய அதே ஆரஞ்சுப் பழம். "நம்ம பென்ஷன் பரவாயில்லைப்பா, ராஜா மாதிரி இருக்கலாம்" என்று கூட வேலை பார்த்தவர்களிடம் போனில் பெருமை அடித்துக்கொள்வார். அடுப்படியில் நிற்கும் மனைவி காதில் அது விழும். அவள் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, கையைக் கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். அந்த வாரம்தான் முதன்முதலாக அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, ஒரு கட்டு விளம்பரத் தாளையும் கத்தரிக்கோலையும் தள்ளினாள்.

"என்னங்க, இதுல நான் சொல்றதை மட்டும் வெட்டுங்க."

"என்ன இது?"

"கூப்பன். கடைல கொடுத்தா விலைல கழிப்பாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "நாம என்ன அவ்வளவு கெட்டுப்போயிட்டோமா? நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கிறவங்க நினைக்கட்டும். நீங்க வெட்டுங்க. தேதி போட்டிருக்கற ஓரத்தைக் காவு கொடுத்துடாதீங்க, அப்புறம் செல்லாது."

முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். மறுநாள் காலை முணுமுணுத்துக்கொண்டே கடைக்கும் போனார்.

பெரிய கடை. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் சண்டித்தனம் செய்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு தள்ள, தூளிக் கையோடு அவள் முன்னால் போனாள். அலமாரிகளுக்கு நடுவே அவளுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை.

"அந்த ஷாம்பு ரெண்டு எடுங்க. சின்னது."

"பெருசுதானே லாபம்?"

"பெருசுக்கும் சின்னதுக்கும் கூப்பன் சீட்டுல கழியறது ஒரே தொகைதான். சின்னதுன்னா கிட்டத்தட்ட சும்மா வந்துடும்."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு எடுத்து வைத்தார். அடுத்து பற்பசை, சலவைத்தூள், சவரச் சோப்பு. அதன்பின் அவள் கை காட்டியது குழந்தைகளின் டயப்பர் கட்டு ஒன்றை. அதற்கும் பிறகு பூனைத்தீனி, அதுவும் மூட்டை மாதிரி பெரிய பை.

"நம்ம வீட்டுல பூனை எங்க இருக்கு?"

"இருக்கற இடத்துல இருக்கு. வைங்க."

விழுந்தபோது தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று அவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது.

கல்லாவில் இருந்த பெண் அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். "அம்மா! கைல என்ன ஆச்சு? போன வாரம் ஆளையே காணோமேன்னு பார்த்தேன்." விசாரித்தபடியே ஒவ்வொரு பொருளாக இழுத்தாள். திரையில் எண் ஏறியது. ஏற ஏற அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மெல்ல நழுவி, பத்திரிகைகள் தொங்கிய கம்பிச் சட்டத்தின் பக்கம் போய், அந்த அம்மாள் யாரோ தான் யாரோ என்பதுபோல் நின்றுகொண்டார். வரிசையில் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர், சீட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு, "விடிஞ்சுடும் போல" என்று பெருமூச்சு விட்டது நன்றாகவே கேட்டது.

கல்லாப் பெண் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தாள். எண் இறங்கியது.

முதலில் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு சடசடவென்று. கிரேனில் பாரம் காட்டும் முள் ஒன்று உண்டு; பெட்டி தரையைத் தொட்டதும் அது விழுந்து பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. இங்கே பொருளெல்லாம் அப்படியே மேடை மேல் குவிந்து கிடக்க, முள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அவர் பத்திரிகைச் சட்டத்தை விட்டு ஓரடி முன்னால் வந்தார். தானாக வந்துவிட்டார்.

நடுவில் இயந்திரம் முரண்டு பிடித்தது. "பூனைத்தீனிச் சீட்டை எடுக்க மாட்டேங்குதும்மா."

"அது கம்பெனி போட்ட சீட்டும்மா. கடைச் சீட்டு முன்னாடி விழுந்துடுச்சு, அதான். அதை நீக்கிட்டு, இதை முதல்ல போட்டுப் பாரு."

போட்டாள். இரண்டும் விழுந்தன. எண் தொப்பென்று கீழே போனது.

கண்ணாடிக்காரர் பெருமூச்சை மறந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, அந்த டயப்பர் சீட்டு எங்க கிடைச்சுது? எங்க வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க."

அவள் இடக்கையால் பையைத் துழாவி இன்னொன்றை எடுத்து நீட்டினாள். "சின்ன அளவுக்குத்தான் செல்லும். குழந்தைங்களுக்கு எத்தனை மாசம்?"

அதோடும் முடியவில்லை. டயப்பர் வாங்கியதற்காக ரசீதின் வாலில் புதிதாக ஒரு சீட்டு அச்சாகி வந்தது. அடுத்த ரசீதில் கழித்துக்கொள்ளலாம். அவள் தள்ளுவண்டியிலேயே தனியாக ஒதுக்கி வைத்திருந்த காப்பித்தூள், வெண்ணெய், ஆரஞ்சு மூன்றையும் அப்போதுதான் மேடையில் ஏற்றினாள். அந்தச் சீட்டு அவற்றை அப்படியே விழுங்கியது. கடைசியில் மொத்தத்துக்கும் மனைவி சில்லறை எடுத்துக் கொடுத்தாள். சில்லறைதான்.

அவர் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார். காப்பித்தூள் பொட்டலத்தைப் பார்த்தார். தன் வீட்டு மேசை நினைவுக்கு வந்தது. தினமும் அதன் முன் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"எத்தனை நாளா இது நடக்குது?" என்றார், குரல் இறங்கி.

"நீங்க வேலையை விட்ட மாசத்துலேருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பென்ஷன் நல்லா வருதுன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்?" குத்தலே இல்லாமல் சொன்னாள். "அதுவுமில்லாம, எனக்கு இது பிடிச்சிருக்கு."

கடைக்குப் பின்புறம், தள்ளுவண்டிகளை அடுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு இருந்தது. அங்கே இவர்கள் வயதுக்காரர்கள் சிலர் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா வந்தாச்சு" என்று ஒரு குரல். உடனே இடம் விட்டார்கள்.

டயப்பர் கட்டு, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாளிடம் போனது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். அந்த அம்மாள் அடுத்த மாதம் வரை செல்லும் காப்பிச் சீட்டுகளைக் கொடுத்தாள். பூனைத்தீனி தையல்காரருக்கு. அவர் வீட்டு மாடியில் பூனைகள் குடித்தனமே நடத்துகின்றனவாம். அவர் பதிலுக்குச் சலவைத்தூளை நீட்டிவிட்டு, கை முறிந்த சேதி கேட்டு, மாவுக்கட்டுக் கை நுழையும்படி பக்கவாட்டைப் பிரித்துத் தைத்த ரவிக்கை ஒன்றையும் எடுத்து வைத்தார். "அளவு சரியாத்தான் இருக்கும்கா. இல்லேன்னா திட்டாம கொடுத்து அனுப்புங்க."

பெஞ்சின் ஓரத்தில் நின்று கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாமான்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. வேண்டாதவர் கையிலிருந்து வேண்டியவர் கைக்கு. ஒருவர் முகத்திலும் நஷ்டப்பட்ட சாயல் இல்லை. யாருக்கு எது தேவை, யாரிடம் எது மிஞ்சும், எந்தச் சீட்டு எப்போது காலாவதியாகும் எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தன. கூண்டில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் உலகத்துச் சரக்கைத் தான்தான் நகர்த்துவதாக அவருக்கு ஒரு எண்ணம் உண்டு. இப்போது அந்தச் சலவைத்தூளை எடுத்துப் பையில் அடுக்கினார்.

"அண்ணன் புதுசோ?" என்றாள் நர்ஸம்மா.

"இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காரு. வெட்டறதுக்கு இன்னும் கை வரலை" என்றாள் மனைவி. பெஞ்சே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது பைகளையெல்லாம் அவரே தூக்கிக்கொண்டார். எப்போதும் விறுவிறுவென்று முன்னால் போய், மூலையில் நின்று அவளுக்காகக் காத்திருக்கிறவர். அன்று பின்தங்கினார். கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, கனமா இருக்கா?"

"அதெல்லாம் இல்லை. நீ போ" என்றார். "நான் உன்னைப் பார்த்துக்கிட்டே வர்றேன்."