ஆறாம் வகுப்புக்குப் போன கணக்கு டீச்சர்

தலைமையாசிரியை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். சட்டென்று நின்றால்கூடப் பரவாயில்லை, அதில் ஒரு மரியாதை இருக்கிறது. முதலில் வரலாற்று ஆசிரியர் தொண்டையைச் செருமுவார். பிறகு யாராவது விடைத்தாள் கட்டைப் பிரிப்பார்கள். அப்புறம் இருபத்திரண்டு பேரும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள்போல நோட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு அவள் கதவைத் தாண்டினாளோ இல்லையோ, உள்ளே மறுபடி கலகலப்பு. ஒரு கல்வியாண்டு முழுக்க இதே கூத்துதான்.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டாள்? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் நான்கு பிரிவுகள். மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். முதல் பிரிவுக்கு மாடியில் காற்றோட்டமான அறை, புது மேசை, அனுபவசாலி ஆசிரியர்கள். நான்காம் பிரிவுக்கு, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த கீழ்த்தள அறை. பிள்ளைகளே அதற்குக் 'கிடங்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினொரு வயதில் கிடங்குக்குள் போகும் பிள்ளை, பதினாறு வயதில் கிடங்கிலிருந்தே வீட்டுக்குப் போய்விடும். மேலே ஏறி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கீழே இறங்க வேண்டிய சில பிள்ளைகள் மட்டும், அப்பா யார், மாமா யார் என்பதைப் பொறுத்து, காதும் காதும் வைத்தமாதிரி முதல் பிரிவிலேயே தங்கிவிடுவார்கள்.

அவள் தலைமையாசிரியை ஆன முதல் கோடை விடுமுறையிலேயே இதில் கை வைத்தாள். எல்லாப் பெயர்களையும் சீட்டில் எழுதி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, பெற்றோர் கண்ணெதிரே பிள்ளைகளையே எடுக்க வைத்தாள். எந்தப் பிரிவு வந்ததோ, அந்தப் பிரிவு. கிடங்கைக் காலி செய்து வெள்ளையடித்தாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் 'இந்த வாரம் எனக்குப் புரியாதது' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். அடுத்த வாரப் பாடம் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இவ்வளவையும்கூட முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொண்டிருப்பார்கள். கடைசியாக ஒன்று செய்தாள் பாருங்கள், அதுதான் வம்பு. அனுபவம் மிகுந்த ஆசிரியர்களைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்து ஆறாம் வகுப்புக்கு அனுப்பினாள். பெருக்கத் தெரியாமல், வாசிக்கத் தெரியாமல் பிள்ளைகள் வந்து சேரும் இடம் ஆறாம் வகுப்புதான், அங்கே விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது என்பது அவள் கட்சி.

பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு ஊருக்குள் இருக்கும் கௌரவமே வேறு. ஆறாம் வகுப்பு என்றால் இறக்கிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

"மேடம், உங்களுக்குப் புதுப் பேர் வெச்சிருக்காங்க," என்று அலுவலக எழுத்தர் வந்து சொன்னார். பள்ளியில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஜீவன் அவர்தான். அதுவும் ஊர் வம்பைச் சேர்ப்பதற்கு.

"என்ன பேராம்?"

"குலுக்கல் மேடம்."

"பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு," என்று சிரித்தாள். எழுத்தர் போன பிறகு சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் அது சிரிப்பாகவும் இல்லை.

பெயரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் கவலையில்லை. இருபத்தொரு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பற்றியும் கவலையில்லை. இருபத்திரண்டாவது ஆள்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. அது கணக்கு டீச்சர்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே வாரத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். தலைமையாசிரியைக்குப் பிரசவமானபோது இவளுடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவள் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சரின் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாற்றி மாற்றிக் கூட உட்கார்ந்தவள் இவள். இவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகனும் வேலைக்கென்று கண்காணாத இடத்துக்குப் போன பிறகு, "ஏண்டி, சாப்பிட்டியா?" என்று கேட்க மிச்சமிருந்த ஒரே குரல் அவளுடையது. இவள் தலைமையாசிரியை ஆகித் தனி அறைக்கு வந்த பின்னும், மதிய மணி அடித்தால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் வந்துவிடுவாள். "பெரிய ரூம் குடுத்துட்டாங்கன்னு தனியா தின்னுடலாம்னு பாக்காதே," என்பாள்.

அப்பேர்ப்பட்டவளைப் பத்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாற்றும் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் வைத்துவிட்டாள். மற்ற இருபத்தொரு பேரும் நாளைக்கு அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். கணக்கு டீச்சருக்கு மட்டும் முன்கூட்டிச் சொன்னால், மாமா யார், அப்பா யார் என்று பார்த்த பழைய கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சமம் என்றால் சமம்தான். இதைத்தான் அன்றைக்கு அவள் நினைத்தாள், நினைத்துப் பெருமையும் பட்டுக்கொண்டாள். புத்தி கெட்டவள்.

திங்கட்கிழமை காலை கணக்கு டீச்சர் கும்பலோடு கும்பலாக நின்று தன் பெயரைப் பலகையில் படித்தாள்.

"என்ன டீச்சர், உங்களையே கீழ இறக்கிட்டாங்க? உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?" என்று வரலாற்று ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

"ம்... தெரியும் சார். எங்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டாங்க," என்று கணக்கு டீச்சர் சொல்லியிருக்கிறாள். பொய். தன் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாளோ, தோழியின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாளோ. எழுத்தர் வந்து இதைச் சொன்னபோது தலைமையாசிரியைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அன்று மதியம் மணி அடித்தது. டப்பா வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து தலைமையாசிரியையே ஆறாம் வகுப்பு வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஏதாவது வேணுமாடி?"

கணக்கு டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பினாள். "சாக்பீஸ் தீந்துபோச்சு மேடம். அனுப்பி வெச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

மேடமாம். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சாக்பீஸ் ஒரு பெட்டிக்கு மூன்று பெட்டியாக அனுப்பி வைத்தாள். வேறென்ன செய்வது?

தலைமையாசிரியையின் தங்கை ஞாயிறுதோறும் போன் செய்வாள். இரண்டு பிள்ளைகளையும் மாமனாரையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவள், பேச்சில் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள்.

"போய் மன்னிப்புக் கேளேன்க்கா. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"எந்தத் தப்புக்குடி மன்னிப்புக் கேக்கச் சொல்றே? நான் செஞ்சது சரிதானே?"

"சரிதான். யாரு இல்லேன்னா? அதனாலதான் தனியா உக்காந்து சாப்பிடுறே."

மாதங்கள் ஓடின. தலைமையாசிரியை பள்ளியைச் சுற்றி வருவாள். முன்பு கிடங்காக இருந்த அறையில் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்கும். பெற்றோர் சிலர் வந்து கைபிடித்து நன்றி சொல்வார்கள். வேறு இரண்டு பள்ளிகளிலிருந்து பார்த்துப்போக ஆட்கள் வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? அறைக்குத் திரும்பி, எதிர் நாற்காலியில் கோப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து நாலு வாய் தின்றுவிட்டு மூடிவிடுவாள். திட்டம் நாசமாகப் போனாலும் போகட்டும், கணக்கு டீச்சர் ஒருநாள் வந்து எதிரே உட்கார்ந்தால் போதும் என்று தோன்றிய நாட்களும் உண்டு. வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை.

ஆண்டு முடியும் நேரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புது முறை தொடர வேண்டுமா, பழையபடி மதிப்பெண் பார்த்தே பிரிக்க வேண்டுமா என்பதை ஆசிரியர்களே கூட்டம் போட்டுப் பெரும்பான்மையாக முடிவு செய்யலாமாம். தலைமையாசிரியைக்கு வாக்கு இல்லை. கடிதத்தைப் படித்ததுமே கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வரலாற்று ஆசிரியர் ஒவ்வொரு மேசையாகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் ஒரு முற்பகலில் நடந்தது. "கை தூக்கிடலாமா?" என்று வரலாற்று ஆசிரியர் அவசரப்பட்டபோது, கணக்கு டீச்சர் எழுந்தாள். கையில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுத் தாள்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு சீட்டு படிக்கிறேன் சார். ரெண்டும் ஒரே பிள்ளை எழுதினது." முதல் தாளை எடுத்தாள். "முதல் வாரம். 'இந்த வாரம் எனக்குப் புரியாதது: எல்லாம்.'" யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்ததை எடுத்தாள். "போன வாரம். 'எனக்குப் புரியாதது: மீதி வர்ற வகுத்தல் மட்டும்.'"

அவள் தாள்களை மறுபடி ரப்பர் வளையத்துக்குள் செருகினாள்.

"உங்களைக் கீழ இறக்கினவங்களுக்கு நீங்களே வக்காலத்தா டீச்சர்?" என்றார் வரலாற்று ஆசிரியர்.

"அவங்களுக்கு இல்லை சார். என் வகுப்புக்கு. இத்தனை வருஷமா நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துட்டு, நாந்தான் அதுங்களைப் படிக்க வெச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நான் எடுக்கலேன்னாலும் அதுங்க பாஸ் பண்ணியிருக்கும். நான் டீச்சரானது இந்த வருஷம்தான்."

பதினான்கு கைகள் புது முறைக்கு உயர்ந்தன. தலைமையாசிரியை எண்ணவில்லை, எழுத்தர்தான் எண்ணினார். அவளுக்குக் கண் கலங்கி எதுவும் தெரியவில்லை.

அன்று மதியம் மணி அடித்துச் சற்று நேரத்தில் கணக்கு டீச்சர் அறைக்குள் வந்தாள். எதிர் நாற்காலியில் இருந்த கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சுடுடி," என்றாள் தலைமையாசிரியை. ஓராண்டாக வராத வார்த்தை, தானாக வந்து விழுந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"எடுத்தேன். உனக்கு மட்டும் சொன்னா சலுகை காட்டின மாதிரி ஆயிடுமோன்னு..."

"அப்போ எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? பிள்ளைங்ககிட்ட வாராவாரம் என்ன புரியலைன்னு கேக்கச் சொல்றே. எங்ககிட்ட ஒருதடவை கேட்டியா?"

இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை நாள் தலைமையாசிரியையின் மண்டைக்கு எட்டவில்லை. கணக்கு டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல உன் கையெழுத்து வேணும்."

இடமாற்ற விண்ணப்பம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னப் பள்ளி. காரணம் என்ற இடத்தில் கணக்கு டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்து: 'அப்பள்ளியில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியர் இல்லை.'

"அங்க விளையாட்டு சார்தான் கணக்கும் எடுக்குறாராம். பிள்ளைங்க விசில் ஊதுனாத்தான் கூட்டல் போடுதுங்களாம்," என்று கணக்கு டீச்சர் சிரித்தாள்.

"ரெண்டு பஸ் மாறணும்டி."

"மாறிக்கிறேன்."

"எம்மேல இன்னும் கோபமா?"

"இருந்துச்சு. இப்போ இல்லை. கோபம் இருந்தா இங்கேயே உக்காந்து உன்னை வறுத்தெடுத்திருக்க மாட்டேனா?"

"இங்க ஆறாம் வகுப்புக்கு?"

"இங்க உனக்கு நாலு கணக்கு டீச்சர் இருக்காங்க. அங்க ஒருத்தரும் இல்லை."

தலைமையாசிரியை தாளைப் புரட்டினாள். அடியில் அவளுக்கென்று இரண்டு கட்டங்கள். பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை. இரண்டாவதில் ஒரு கோடு போட்டு, 'பள்ளியின் நலன் கருதி' என்று எழுதினால் போதும். அலுவலகத்தில் ஒருத்தரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். நாளையிலிருந்து மதியம் மணி அடித்தால் டப்பா வரும்.

"போகாதேன்னு நான் சொன்னா?" என்றாள்.

"சொல்லு. இருந்துடுறேன்."

சும்மா சொல்லவில்லை. கணக்கு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கமாட்டாளா என்று காத்திருப்பது அந்தக் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. தலைமையாசிரியைக்கு அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அந்தச் சின்னப் பள்ளியின் முகம் தெரியாத பிள்ளைகள் மூன்று வருடமாக 'எனக்குப் புரியாதது' என்று என்ன எழுதியிருப்பார்கள்? எழுதச் சொல்லத்தான் யார் இருந்தார்கள்? பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் கோடு போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

கணக்கு டீச்சர் தாளை வாங்கி, மை காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போட்டுடுவேன்னு எனக்குத் தெரியும்டி," என்றாள். அதில் பெருமையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. வாசல்வரை போனவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருப்பவள் அழுவதை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனாள்.