ஒரு நாள் முந்தி வரும் தும்மல்

மேல்வீட்டுச் சத்தம் கீழ்வீட்டில் ஒரு நாள் முன்னதாகவே கேட்டது. கீழே இருந்தவர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கும் அம்மா. மேலே தனியாக இருந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். விடிந்தால் அவர் ஏழு தும்மல் தும்முவார், பத்து மணிக்கு இரும்புக் கட்டிலை இழுத்துப்போட்டுப் பெருக்குவார், வானொலி கேட்ட கேள்விக்கெல்லாம் உரக்கப் பதில் சொல்வார். தும்மலுக்கு ஒரு பிழை வீதம் கண்ணுக்குத் தப்பவே, அந்தம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நகராட்சிக்குப் போனார். என்ன சத்தம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பதினான்கு நாளுக்கு எழுதித் தரச்சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். புள்ளி விடாமல் நிரப்பிக் கொடுத்தார்.

விசாரணை நாளில் ஓட்டுநர் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகராட்சி பெஞ்சில் காத்திருக்க, கீழ்வீட்டில் கருவியோடு உட்கார்ந்திருந்த சத்தப் பிரிவு அதிகாரி, பத்து மணிக்கு மேலே கட்டில் இழுபடுவதைக் காதாரக் கேட்டார். மறுநாள் மேலே போய் உட்கார்ந்தார். அதே பத்து மணி, அதே கட்டில், நொடி பிசகவில்லை. விருந்தாளிகளின் காலடி அன்றன்றைக்கே கேட்டது. ஓட்டுநரின் சத்தம் மட்டும்தான் முந்திக்கொண்டது. இன்னும் போடாத சத்தத்துக்கு அபராதம் போடச் சட்டத்தில் இடமில்லை, போட்ட பிறகோ கீழே அது கேட்பதில்லை. கோப்பு ஆறு வருடம் அப்படியே கிடந்தது, படிவம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இதற்குள் அந்தம்மாவின் கோபம் எங்கேயோ கரைந்துபோயிருந்தது. ஒருநாள் இருமல் கேட்டு, மருந்து வாங்கிக்கொண்டு மாடி ஏறினார்.

"எனக்கு இருமலே இல்லையேம்மா?"

"நாளைக்கு வரும். வச்சுக்குங்கண்ணா."

பிறகு ஒரு வியாழக்கிழமை, பதினொன்று இருபதுக்கு, மேலே தொப்பென்று ஆள் விழும் சத்தம் கேட்டது. டம்ளர் ஒன்று உருண்டு நின்றது. அதன்பின் மதியம் வரை ஒரு சத்தமும் இல்லை. அந்தம்மா மேலே ஓடி, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னார். "நாளைக்கு விழறதுக்கு இன்னிக்கே போய்ப் படுக்கணுமா?" என்று ஓட்டுநர் சிரித்துவிட்டார். சாயங்காலம் அந்தம்மா நகராட்சிக்கு ஓடினார்.

"சத்தத்துக்குத்தாம்மா இங்க பிரிவு இருக்கு. சத்தம் இல்லைங்கறதுக்கு இல்ல," என்றார் அதிகாரி. சொன்ன பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கருவியை மேசையிலேயே வைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அவரும் அந்தம்மாவும் மேலே போய் உட்கார்ந்தார்கள்.

"எதுக்கு ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாக்குறீங்க?" என்று கேட்டபடி ஓட்டுநர் தண்ணீர் எடுக்க எழுந்தார். மணி பதினொன்று இருபது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தலை தரையில் மோதாமல் அந்தம்மா தாங்கிக்கொண்டார். டம்ளர் கதவு வரை உருண்டது.

பதினோரு நாள் கீழ்வீடு நிசப்தமாக இருந்தது. ஒரு நாள் சத்தம் இல்லையென்றால், மறுநாளும் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரமாட்டார் என்று அர்த்தம். திருத்திக் கொடுத்த தாள்களில் ஒரு பிழைகூடத் தப்பவில்லை என்று அச்சகத்தில் பாராட்டினார்கள். அந்தம்மா அங்கேயே நின்று அழுதார். பன்னிரண்டாம் நாள் காலையில் மேலே ஒரு தும்மல் கேட்டது. பேனாவைப் போட்டுவிட்டு விரல்விட்டு எண்ணினார். ஏழு. மாடி ஏறிப் படுக்கையை உதறிப் போட்டார், குடத்தில் தண்ணீர் நிரப்பினார், ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் முன்னால் நின்றார்.

"நாளைக்கு விடிகாலையிலேயே அனுப்பிடுவீங்கல்ல டாக்டர்?"

"இன்னும் முடிவு பண்ணலையேம்மா."

"பண்ணிட்டீங்க," என்று சொல்லிவிட்டு ஓட்டுநரின் செருப்பைத் தேடப் போனார்.

கோப்பை மூடிவிடலாமா என்று அதிகாரி பின்னொருநாள் கேட்டார். "ஐயையோ, வேணாம் சார். புகார் பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் அந்தம்மா. அந்த வீட்டுக்கு மட்டும் நகராட்சி இப்போது தேதிக் கட்டத்தில் 'நாளை' என்று அச்சடித்த படிவம் அனுப்புகிறது. ஏழு தும்மலையும் எண்ணி அதில் எழுதிவிட்டுத்தான் அந்தம்மா அடுப்பைப் பற்றவைக்கிறார்.