துவைக்கக் கூடாத துணி

எங்க பொண்ணு எதையும் முழுசா முடிச்சதா சரித்திரமே கிடையாது. நீச்சல், கிட்டார், ஓவியம்னு எல்லாத்தையும் தடபுடலா ஆரம்பிப்பா. சின்னதா ஒரு தடங்கல் வந்தாப் போதும், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திக்குவா. அதனால, வேலை மாத்தலாகிப் போன என் தம்பி தன் முயலை எங்ககிட்ட விட்டுட்டுப் போனப்பவே கறாரா சொல்லிட்டேன்.

"இங்க பாருடி, உன் மேனேஜரும் இதுவும் ஒத்துப்போகலைன்னா, மாசக் கடைசியில முயல் விக்கிற கடைக்காரர் வந்து இதை எடுத்துட்டுப் போயிடுவாரு. ரெண்டு கூண்டை நிரந்தரமா வெச்சுக்க இது என்ன அரண்மனையா?"

எங்க வீடு எங்க சலவைக் கடைக்கு மேல இருக்கு. மொத்தமே ரெண்டு ரூம்தான்.

மேனேஜர்ங்கிறது அவளோட சாம்பல் முயல். மேற்பார்வை பார்க்கிற மாதிரி நடக்குறதால அந்தப் பேரு. தம்பியோட வெள்ளை முயல் பஞ்சு. வந்த அன்னைக்கே ரெண்டையும் ஒண்ணா விட்டோம். மேனேஜர் பாய்ஞ்ச பாய்ச்சல்ல பஞ்சோட முடி ரூம் பூரா பறந்துச்சு. இவ பஞ்சுவை வாரி மடியில போட்டுக்கிட்டு, "இதை யாருக்கும் தர மாட்டேன்"னு ஓன்னு அழுதா.

கால்நடை டாக்டரம்மாகிட்ட ஓடினோம். "ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆயிருக்கு, பழகிடும். முதல்ல ஒண்ணோட வாசனை இன்னொண்ணுக்குப் பழகணும். இது படுத்த துணியை அதுக்கு விரி, அது படுத்ததை இதுக்கு விரி. அப்புறம் ரெண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு இடத்துல பார்க்க விடு"ன்னாங்க.

தினம் காலையில துணியை மாத்திட்டுத்தான் பள்ளிக்கூடம் போவா. ஒரு பலனும் இல்ல. கம்பிக்கு அந்தப் பக்கம் பஞ்சு தெரிஞ்சாலே மேனேஜர் பின்னங்காலால தரையில டொம்முன்னு அடிக்கும். இதுவும் கிட்டார் மாதிரிதான் ஆகப்போகுதுன்னு நானும் முடிவு கட்டிட்டேன்.

ஒருநாள் கூண்டுத் துணியை மூக்குல வெச்சுக்கிட்டே கடைக்குள்ள வந்து நின்னா. "அம்மா, இதுல சோப்பு வாசனை வருது."

நான் மெதுவா எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷனுக்கு அழுக்குத் துணி கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது. அவ அந்தப் பக்கம் போனதும், ரெண்டு துணியையும் துவைச்சு, இஸ்திரி போட்டு, பளபளன்னு திரும்ப விரிச்சு வெச்சிருக்காரு. தினமும்! கஞ்சி போடாததுதான் பாக்கி.

"பாவம், முயலுக்கும் சுத்தம் வேணும்ல"ன்னு முனகினாரு.

சரி, இன்னைக்குக் கூரை பிய்ச்சுக்கப் போகுதுன்னு காதைப் பொத்திக்கத் தயாரானேன். அவளுக்கு மூக்கு நுனி சிவந்துச்சு. ஆனா குரல் ஏறவே இல்ல. "அப்பா, உங்களுக்கு இது அழுக்கு. மேனேஜருக்கு இதுதான் பஞ்சு. இனிமே தொடாதீங்கப்பா." சொல்லிட்டு மேல போய், முதல்லேருந்து ஆரம்பிச்சா.

அப்புறம் சாயங்காலம் கடையில கூட்டம் குறைஞ்சதும் இஸ்திரி மேஜைக்கு அடியில ரெண்டையும் விட்டு, நடுவுல கீரையைப் போட்டுட்டுப் பக்கத்துலயே உட்காருவா. முறைச்சுக்கிட்டா துண்டைப் போட்டுப் பிரிப்பா. ஒரு தடவை விலக்கப் போய் விரல்ல ரத்தம் வர கடி வாங்கினா. "விட்டுத் தொலையேன்டி"ன்னு நானே கத்தினேன். "அதுக்குக் கோவம் இல்லம்மா, பயம்"னு சொல்லிட்டு, விரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்தா.

மாசக் கடைசியில கடைக்காரர் கூடையோட வந்து நின்னாரு. "அங்க இருக்கு"ன்னு மேஜைக்கு அடியில கையைக் காட்டினேன்.

குனிஞ்சு பார்த்தாரு. மேனேஜர் தலையைத் தரையோட தரையா வெச்சுக் கண்ணை மூடிக் கிடக்கு. பஞ்சு அதோட நெத்தியை நக்கிக் கொடுத்துக்கிட்டு இருக்கு.

"அட! என் கடையில சண்டை போட்டா தனித்தனியா பிரிச்சுத்தான் போடுவேன். யாரு இதைப் பழக்கினது?"

இவ சும்மாவா விடுவா, ஊருக்கே தண்டோரா போடுவான்னு பார்த்தேன்.

"அதுங்களே பழகிக்கிச்சுங்க அங்கிள். நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்"னா.

எனக்கு நெஞ்சு விம்மிப் போச்சு. கடையில வாடிக்கைக்காரங்க நிக்கிறாங்கன்னுகூடப் பார்க்கல. "பொய் சொல்றா, நம்பாதீங்க! எல்லாம் எம் பொண்ணு பண்ணினது!"ன்னு கத்திட்டேன்.