றேமன்ட் சமைத்த வெள்ளிக்கிழமை

செசீலியா ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி, கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்தாள். சும்மா சிரிப்பில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“நீங்களோ? நீங்கள் சமைக்கப் போறியளோ?”

“ஓம், நான்தான். இதில என்ன பகிடி?” என்றான் அவள் புருசன் றேமன்ட்.

“முட்டை அவிக்க வைச்சிட்டு மட்ச் பாத்துக்கொண்டிருந்து, தண்ணி வத்தி, முட்டை வெடிச்சு முகட்டில ஒட்டின மனுசனெல்லோ நீங்கள்!”

“அது முட்டையில பிழை.”

“பேசாமல் இருங்கோ. பிரிட்ஜுக்குள்ள பருப்பு கிடக்கு. நான் வந்து சோத்தைப் போட்டு ஒரு சொதி வைக்கிறன்.”

“இண்டைக்கு நீர் ஒண்டும் வைக்கக்கூடாது. போய்ச் சோதனையைச் செய்திட்டு வாரும். வரேக்க மேசையில சாப்பாடு சுடச்சுட இருக்கும். மாதாவாணை.”

“மாதாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?” என்று சொல்லிக்கொண்டே அவள் லிப்டுக்குள் போனாள். கதவு மூடின பிறகும், லிப்ட் கீழே போகப் போக அந்தச் சிரிப்புக் கேட்டது.

விடிய எழும்பினதிலிருந்து பயத்தில் வெளிறிக் கிடந்த முகம் அது. அதில் ஒரு சிரிப்பைக் கண்டதே றேமன்டுக்குப் பெரிய சந்தோசம். சந்தோசத்தோடு ரோசமும் வந்தது.

செசீலியா சுவிஸில், ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லத்தில் கனகாலம் நிலம் துடைத்தவள். ஐம்பது தாண்டின பிறகு, அதே இல்லத்தில் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலைக்குப் படிக்க வெளிக்கிட்டாள். எல்லாம் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். வகுப்பால் வந்தவள் குளிர் அங்கியைக் கழற்ற முதலே அடுப்பைப் போட்டுவிடுவாள். ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் புத்தகம். குழம்பு கொதிக்கும்போதே ருசி பார்க்கிற சாட்டில் இரண்டு வாய் சாப்பிட்டு, அதோடு தன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு படிக்க உட்காருவாள். மகள் எலேனா வேலைக்காக ஜெனீவாவுக்குப் போன பிறகு, வீட்டில் இதைக் காண றேமன்ட் ஒருத்தன்தான்.

இன்றைக்குக் கடைசிச் சோதனை. தேறுகிறதும் தேறாததும் சோதிக்க வருகிறவர்களின் கையில். ஆனால் களைத்து வருகிறவளை இருத்தி, முன்னால் ஒரு சூடான சாப்பாட்டை வைக்கிறது என் கையில்தானே என்று றேமன்ட் நினைத்தான். நினைத்த உடனேயே அங்கியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

என்ன சமைக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவனோடு ட்ராம் கழுவுகிற இடத்தில் வேலை செய்கிற உர்ஸ், முதல்நாள் எல்லாம் விளங்கப்படுத்தியிருந்தான். “உன்னிடம் கத்தரிக்கோல் இருக்கிறதா? அப்படியென்றால் உனக்குச் சமைக்கத் தெரியும்” என்றான் உர்ஸ். கடையில் வாட்டின கோழி, பக்கெற்றில் வருகிற காளான் சூப் தூள், உறைந்த மரக்கறி, துருவி அடைத்த உருளைக்கிழங்கு, துருவின சீஸ். ஒன்றையும் வெட்டத் தேவையில்லை, வதக்கத் தேவையில்லை. ஒரு கண்ணாடித் தட்டில் எல்லாவற்றையும் போட்டு ஓவனுக்குள் தள்ளினால் அது தன்பாட்டில் வேகும். பெண்சாதி விட்டுப்போன குளிர்காலத்தை உர்ஸ் இதைச் சாப்பிட்டுத்தான் தாண்டினானாம். “வயிற்றுக்குள் ஒரு கம்பளிப் போர்வை போட்ட மாதிரி இருக்கும்” என்று சொல்லி வயிற்றைத் தடவிக் காட்டினான்.

சுப்பர்மார்க்கெற்றில் றேமன்ட் ஓடி ஓடிப் பொறுக்கினான். ஓர்லிகோன் பான்கோவுக்கு, அதுதான் ரயில் நிலையத்துக்கு முன்னால், கம்பியில் கோழிகளைக் குத்திச் சுழலவிட்டு விற்கிற வண்டி நின்றது. ஒரு கோழி போதும் என்று உர்ஸ் சொன்னதுதான். ஆனால் தோல் பொரிந்து எண்ணெய் சொட்டுகிறதைப் பார்த்ததும் கை இரண்டு விரலைக் காட்டிவிட்டது. நவம்பர் மாதத்துப் பனிப்புகார் மூக்கைக் கடித்தது. சூட்டுப் பையை அங்கிக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். பக்கத்துச் சீற்றில் இருந்த மனுசி மணத்தைப் பிடித்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. “என்ர மனுசிக்கு,” என்று கேளாமலே டொச்சில் சொன்னான். அந்த மனுசியும் சிரித்தது.

வீட்டுக்கு வந்து, உர்ஸ் சொன்னபடி முதல் வேலையாக அடுப்புக்குக் கீழே இருந்த ஓவனைத் திருகிவிட்டான். சிவப்பு லைற் பற்றியது. “சூடாகு ராசா,” என்று அதுக்கும் ஒரு சொல் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான்.

சின்ன வயதில் எலேனா கோயிலில் முதன்முதல் நற்கருணை எடுத்த புதுநன்மைக்கு ஆரோ பரிசாகக் கொடுத்து, பெட்டி பிரிக்காமலே அலுமாரிக்கு மேலே கிடந்த கண்ணாடித் தட்டை இறக்கிக் கழுவினான். கோழியைக் கையால் பிய்த்தான். பிய்க்கிற வழியில் ஒரு கால் அவன் வாய்க்குள் போனது, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. கத்தரிக்கோலால் பக்கெற்றுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். சூப் தூளைப் பாலிலும் கிறீமிலும் கரைத்து, விரலை விட்டு நக்கிப் பார்த்தான். உப்புச் சரி. ஆனால் இந்த வெள்ளை நிறம்? காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஞ்சி மாதிரி எல்லோ கிடக்கு! செசீலியாவின் மிளகாய்த்தூள் போத்தலைத் தேடியெடுத்து ஒரு கரண்டி போட்டான். கொஞ்சம் நிறம் வந்தது. இன்னொரு கரண்டி போட்டான். அதுதான் நிறம்.

கோழி, அதுக்கு மேல் பச்சைப் பட்டாணியும் கரட்டும், அதுக்கு மேல் சூப்பு. உருளைக்கிழங்குத் துருவலைக் கூரை வேய்வது போலப் பரப்பி, சீஸைத் தாராளமாகத் தூவினான். தள்ளி நின்று பார்த்தான். போனை எடுத்து ஒரு படமும் பிடித்தான். இவ்வளவுதானா சமையல்? இதுக்கோ இந்தப் பெண்டுகள் இந்தப் பாடு படுகினம்?

அப்போதுதான் ஒரு மணம் வந்தது. நல்ல மணமில்லை. சுவிஸ்காரரின் சாப்பாடு தொடக்கத்தில் இப்படித்தான் மணக்குமாக்கும் என்று றேமன்ட் நினைத்தான். பிறகுதான் யோசித்தான், சாப்பாடு இன்னும் மேசையில் எல்லோ கிடக்கிறது!

திரும்பினால், ஓவன் கதவின் இடுக்கால் கறுப்புப் புகை.

இதை வாசிக்கிற நீங்கள் எங்கள் ஆட்களாக இருந்தால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் ஓவன் என்பது அடுப்பில்லை, அலுமாரி. அவிக்கிறதும் பொரிக்கிறதும் மேலே நடக்கும். கீழே ஓவனுக்குள் பெரிய சட்டி, புட்டுப் பானை, மூடி, வடி என்று இடமில்லாத சாமான் எல்லாம் குடியிருக்கும். கலியாணம் கட்டின நாளிலிருந்து சமையலறைப் பக்கம் தேத்தண்ணி ஊற்ற மட்டுமே போன றேமன்டுக்கு இது தெரிய நியாயமில்லை.

கதவைத் திறந்தான். புகை முகத்தில் அடித்தது. செசீலியாவின் இடியப்பத் தட்டுகள், அடுக்கி வைத்த பிளாஸ்ரிக் தட்டுகள் அத்தனையும், உருகி வளைந்து, கம்பிகளுக்கு ஊடாகச் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தன.

“ஐயோ மாதாவே!”

ஓவனை நிற்பாட்டி, யன்னல்களை எல்லாம் திறந்து, துவாயால் புகையை விசுக்கிக்கொண்டு நிற்க, கதவில் டமடமவென்று அடி விழுந்தது. மேல்வீட்டு அழகிப்பிள்ளையக்கா. மட்டக்களப்புக்காரி, மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிற மனுசி. தலையில் துவாயோடும் நெற்றியில் விபூதியோடும் நின்றார்.

“என்ன மனே, வீட்டக் கொளுத்திப் போட்டியா? என்ட சாமியறை வரைக்கும் புகை வருது!”

“அக்கா, செசீலிக்குச் சமைக்க வெளிக்கிட்டன்...”

அக்கா ஓவனுக்குள் குனிந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு, “இடியப்பத் தட்டு அவிஞ்சிருக்கு. இடியப்பம் எங்க?” என்றார்.

“பகிடி விடாதேங்கோ அக்கா. அவள் வரப்போறாள். உங்கட ஓவனைக் கொஞ்சம் தாங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“என்னத்த மனே அதுக்குள்ள வைக்கப்போறாய்?”

“கோழி.”

அக்கா ஒரு அடி பின்னுக்குப் போனார். “இண்டைக்கு வெள்ளிக்கிழமை மனே! என்ட குசினிக்குள்ள கோழியா? உனக்கும் வெள்ளியில மச்சம் மாமிசம் இல்லத்தானே?”

“எங்களுக்குத் தவக்காலத்து வெள்ளியிலதான் அக்கா கண்டிப்பு. இப்ப நவம்பர்.”

“உங்கட சாமி நல்ல சாமி. ஆனா என்ட முருகன் விடான். அதோட என்ட ஓவனுக்குள்ளயும் கால் வைக்க இடமில்ல. தாச்சி, உரல் எல்லாம் அதுக்குள்ளதான்.”

றேமன்ட் மேசையில் கிடந்த தட்டைப் பார்த்தான். கூரை வேய்ந்த உருளைக்கிழங்கு, தூவின சீஸ், வேகாமல் பச்சையாகக் கிடந்தது. போன் கிணுகிணுத்தது. செசீலியா. *முடிஞ்சுது. ட்ராமுக்கு நிக்கிறன்.* அவன் முகம் விழுந்ததைக் கண்ட அக்காவுக்குப் பொறுக்கவில்லை. 

“இப்பிடி நிண்டா வேகுமா? தூக்கு மனே தட்டை! கீழ பொது அறையில ஓவன் இருக்கு. நாளைக்கு மகள்ட பிறந்தநாளுக்கெண்டு நான் அறைத் திறப்பு வாங்கி வைச்சிருக்கன். அந்த ஓவன் ஊருக்குப் பொது. முருகன் அங்க வரமாட்டான்.”

றேமன்ட் தட்டைத் தூக்கிக்கொண்டு படியால் ஓடினான். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அக்கா பின்னால் திறப்பைக் குலுக்கிக்கொண்டு, “மெதுவா மனே, கொட்டிப்போடாத!” என்று கத்திக்கொண்டே இறங்கினார்.

பொது அறையில் ஓவனைத் திறந்து, இந்த முறை தலையை உள்ளே விட்டே பார்த்தான். வெறுமை. அந்த வெறுமையைப் போல அழகான ஒன்றை அவன் அன்றைக்குக் காணவில்லை. சூடாகட்டும் என்று காத்திருக்க நேரமில்லை, தட்டை உள்ளே தள்ளி, திருகக்கூடிய அளவுக்குத் திருகிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். 

“கொதிக்குதா?” என்று தள்ளி நின்று கேட்டார் அக்கா.

“இல்லை.”

“இப்ப?”

“ஓரத்தில ஒரு குமிழி! அக்கா, குமிழி!”

வெள்ளிக்கிழமை விரதக்காரி தன்னையறியாமல் கிட்ட வந்து, அவனுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். சீஸ் உருகிப் படர்ந்தது. பிறகு பொன்னிறம் பிடித்தது. மிளகாய்த்தூளின் காரமும் கிறீமின் மணமும் கலந்து அறையை நிறைத்தன. “முருகா, என்னச் சோதியாத,” என்றார் அக்கா.

செசீலியா வீட்டுக்குப் போய்ப் புகையைக் கண்டால் எல்லாம் கெட்டது. அவளே துடைப்பத்தை எடுத்துவிடுவாள். “அக்கா, ஒருக்கா இதைப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்று றேமன்ட் வாசலுக்கு ஓடினான்.

“நான் கோழிக்குக் காவலா?” என்று கேட்டாலும் அக்கா அசையவில்லை.

தெருமுனையில் செசீலியா வந்தாள். பை ஒரு பக்கம் இழுக்க, கால் மற்றப் பக்கம் இழுக்க வந்தாள். லிப்டின் பொத்தானுக்குப் போன கையை றேமன்ட் பிடித்தான்.

“மேல போகாதையும். இஞ்சால வாரும்.”

“ஏன்? என்ன எரிஞ்ச மணம்? இஞ்சேருங்கோ, என்ன செய்தனீங்கள்?”

“வாரும் எண்டுறன்.”

பொது அறையின் நீண்ட மேசையில் ஒரு மூலையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரு முள்ளுக்கரண்டி, கடதாசித் துண்டு. அக்காதான் அறையின் அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். தட்டு நடுவில் கொதித்துக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று, ஓரங்கள் கொஞ்சம் கூடவே சிவந்து போயிருந்தன.

செசீலியா பார்த்துக்கொண்டே நின்றாள். “இது... கடையில வாங்கினதோ?”

“எல்லாம் கடையில வாங்கினதுதான். ஆனால் சேத்தது நான்,” என்றான் றேமன்ட். பிறகு, மறைக்க முடியாமல், “உம்மட இடியப்பத் தட்டு எல்லாம் உருகிப்போச்சு,” என்றான்.

“முழுக்கவோ?”

“முழுக்க.”

செசீலியா கதிரையை இழுத்து இருந்தாள். “அப்ப கொஞ்ச நாளைக்கு இடியப்பம் அவிக்கத் தேவையில்லை,” என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்க எழும்பப் பார்த்தாள். றேமன்ட் அவள் தோளை அமத்தினான். “இரும். தண்ணி நான் எடுத்துத் தாறன்.”

அவள் முதல் வாயை ஊதி ஊதி வைத்தாள். றேமன்ட் தண்ணிக் கிளாசோடு பக்கத்தில் நின்றான். அவள் இரண்டாவது வாயும் வைத்தாள், கண்ணை மூடினாள். “உறைப்பு!” என்றாள். “ஆனால் நல்ல உறைப்பு.”

அதுக்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சோதனைக் கதை முழுக்க வாயால் கொட்டியது. வாய் திறக்கவே மாட்டாத ஒரு கிழவியைத்தான் அவளுக்குச் சாப்பாடு ஊட்டித் தீத்தக் கொடுத்தார்களாம். சோதிக்க வந்த இரண்டு பேரும் பேனையோடு நின்றார்களாம். “எனக்கு டொச்சு எல்லாம் மறந்து போச்சு. தமிழில ‘ஆ சொல்லுங்கோ அம்மா’ எண்டன். மனுசி ஆவெண்டு வாயைத் திறந்துதே!”

“பேந்து?” என்றான் றேமன்ட்.

“பேந்தென்ன, கோப்பை முடியுமட்டும் சாப்பிட்டா! கடிதம் வந்தால்தான் தெரியும். ஆனால் அந்த மனுசி சாப்பிட்டவ!”

பேசிக்கொண்டே, றேமன்டின் முகத்தைக்கூடப் பாராமல், வெறுமையான கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள். கதிரையை விட்டு எழும்பவில்லை. கை நீண்டபடியே நின்றது, கதை மட்டும் ஓடியது.

றேமன்ட் கரண்டியை ஆழமாக விட்டு, கோழி நிறைய வரும்படி கிண்டி எடுத்து, கோப்பை வழிய வழியப் போட்டான். 

“எல்லாத்தையும் அவவுக்கே போடாத மனே,” என்றார் அழகிப்பிள்ளையக்கா, கதவுப் பக்கம் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு. “விடிஞ்சா சனிக்கிழமை. எனக்கும் ஒரு மூலை எடுத்து வை.”