'டெல்' என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

நாலு மணிக்கு மேலாளர் வருவார். வேலையை விடுவதாக எழுதிய கடிதத்தை அவரிடம் கொடுக்க அக்கா காத்திருந்தாள். அதற்குள் நான் அவளிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மணி இரண்டரை ஆகியிருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் அகராதி தயாராகும் இடம். நான் பொருளும் உதாரண வாக்கியங்களும் எழுதுகிறேன். அக்கா மெய்ப்புத் திருத்துகிறாள். இந்த வாரம் என் பங்குக்கு வந்தது 'டெல்' என்ற வினைச்சொல். சொல், தெரிவி, கட்டளையிடு, இனம் காண், கோள் சொல் என்று எழுத எழுத நீண்டுகொண்டே போனது. பெரிய வீட்டில் அறைக்குள் அறை திறப்பதுபோல. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டேன். அக்காவின் முன்னால் மட்டும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அத்தான் போனில் கூப்பிட்டார். மூன்று வருஷமாக அவருக்கு வெளிநாட்டில் வேலை. அடுத்த மாதம் அக்கா அவரிடம் போவதாக ஏற்பாடு.

"உங்க அக்கா இங்க வர வேண்டாம்மா. எனக்கு இங்க வேற வாழ்க்கை அமைஞ்சிருச்சு. நீயே பக்குவமா சொல்லிடு. உனக்குத்தான் வார்த்தை நல்லா வரும்."

"நீங்களே சொல்லுங்க அத்தான்."

"அவ அழுவா" என்றார், அந்தக் கஷ்டம் அவருக்கு மட்டுமே நேரப்போவதுபோல.

திங்கள்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன். அன்று அவள் பீரோவில் பாதியைக் காலி செய்து, "இந்தப் புடவையெல்லாம் இனி உனக்குத்தான்டி" என்றாள். செவ்வாய் அவளுக்குத் தலைவலி. புதன் அவள் சந்தோஷமாக இருந்தாள். அது இன்னும் மோசம். இன்று வியாழன். அவளுடைய நாற்காலிக்கு ஏற்கெனவே ஆள் பார்த்தாகிவிட்டது. கடிதம் மேலாளர் கைக்குப் போனால் அவளுக்கு இங்கே இடமில்லை, அங்கேயும் இல்லை.

அப்போதுதான், காலையில் நான் எழுதிக் கொடுத்த தாள் நினைவுக்கு வந்தது. நாலாவது வாக்கியம். எழுதும்போது அது என்னவென்று எனக்கே உறைக்கவில்லை.

பக்கம் அமைப்பவரிடம் ஓடினேன். அவரை எல்லோரும் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பக்கத்தை முடிக்க ஒரு நாள் எடுப்பார்.

"அண்ணே, 'டெல்' தாளைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு வரி மாத்தணும்."

"அது அப்பவே முடிஞ்சு உங்க அக்கா மேசைக்குப் போயாச்சு. ஏம்மா முகம் வெளுக்குது? வாழ்க்கையில ஒரு தடவை சீக்கிரம் முடிச்சேன், அதுவும் தப்பா?"

அக்கா தாளோடு உட்கார்ந்திருந்தாள். "எங்கடி போன? வா, நான் படிக்கிறேன், நீ மூலத்தோட ஒத்துப் பாரு."

எதிரில் உட்கார்ந்தேன். மூலத் தாளைக் கையில் எடுத்தேன். அக்கா நிறுத்தக்குறிகளோடு படித்தாள். மெய்ப்பு படிக்கும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது.

"மனைவியிடம் சொல்லத் துணிவில்லாமல், கால்புள்ளி, அவளுடைய தங்கையிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார், முற்றுப்புள்ளி."

நிறுத்தினாள். தெரிந்துவிட்டது, இனி நான் எதுவும் சொல்ல வேண்டாம் என்று ஒரு கணம் கேவலமான நிம்மதிகூட வந்தது.

"யாருடி இந்த மகாராஜன்?"

"சும்மா... உதாரணம்க்கா."

"பாவம் அந்தப் பொண்ணு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க புரட்டுற புத்தகத்துல எதுக்கு இந்த அழுகாச்சி?" சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தாள். ஓரத்தில், 'கடை இன்று திறக்காது என்று காவலாளி சொன்னார்' என்று எழுதினாள். "இது போதும். யார் வயிறும் எரியாது."

நாலு மணிக்கு முன்பே மேலாளரின் அறைக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்து, இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"வரட்டுமா?" என்றாள் சிரித்தபடி.

நடைவழியில் அவள் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. கதவுக்கு இன்னும் ஏழெட்டு அடிதான் இருக்கும். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி அவள் கையைப் பிடித்தேன்.

"கொடுக்காதக்கா."

"ஏன்டி?"

"நீ அடிச்சியே, அந்த வரி. அது நம்ம வீடு."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு உடனே போகவில்லை; அது போவதற்கு நேரம் எடுத்தது.

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை."

"நாலு நாளா என்கூடத்தானே உக்காந்து சாப்பிட்ட?"

உள்ளேயிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஏதாவது வேணுமா?"

"இல்ல சார். அப்புறம் வர்றேன்."

அக்கா மாடிப்படிக்கு நடந்து, மேல்படியில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். அவள் அழவில்லை. அழுதால் தாங்கிக்கொள்ள நான்கு நாளாகத் தயாராகியிருந்தேன். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

"உன்கிட்ட எவ்வளவு நேரம் பேசினாரு?"

"பதினோரு நிமிஷம்."

"அன்னிக்குச் சாயங்காலம் என்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசினாரு. சிக்னல் இல்லன்னாரு." கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு பக்கத்துப் படியைக் கையால் துடைத்தாள். "உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு. அவர் சொன்ன மாதிரியே சொல்லு. பக்குவமெல்லாம் வேணாம்."

உட்கார்ந்தேன். "'உங்க அக்கா இங்க வர வேண்டாம்மா'ன்னு ஆரம்பிச்சாருக்கா" என்றேன்.