பாடத்திட்டத்தில் இல்லாத தண்ணீர்

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் நெடுஞ்சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ரேவதி கதைப்புத்தகத்தைத் திறந்தால் தண்ணீர் வரும். ஆறு இழைகளாக வரும், ஒவ்வொன்றும் விரல் பருமன். பக்கம் நனையாது, தரை நனையும். முற்றம் வடக்கே சரிந்திருந்தாலும் தண்ணீர் அதைப் பொருட்படுத்தாமல் மேடேறித் தென்கிழக்கே போகும். தென்பெண்ணை அந்தத் திசையில்தான் போகிறது.

இது தொடங்கியது போன ஆண்டு. சுவர் வரைபடத்தில் தென்பெண்ணையின் நீலக்கோட்டைக் காட்டினால் பிள்ளைகள் கரண்ட் ஒயர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா அம்மாக்கள் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்; வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஆளுக்கொரு பேச்சு. ஆகவே ரேவதி சிறுவர் கதைப்புத்தகங்களைக் கொண்டுவந்து பூகோளம் நடத்தினார். முதல் புத்தகத்தில், தாயைப் பிரிந்த ஆட்டுக்குட்டி ஒன்று நந்தி மலையிலிருந்து ஆற்றங்கரையோடே நடந்து கடலூர்வரை போகும். விளக்கேற்றும்முன் கும்பிடுவதுபோல, அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அவர் திறப்பார்.

ஒருநாள் பள்ளித் தாளாளர் ராஜசேகர் வகுப்புக்கு வந்து, வரைபடத்தின் நீலக்கோட்டைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். முதல் பெஞ்சிலிருந்த அனுப்ரியா எழுந்து, "ஆறு சார்" என்றாள். சரியான விடைதான். ஆனால் சொல்லிவிட்டு ஒரு கையின் ஐந்து விரலையும் மறுகையின் ஒரு விரலையும் தூக்கிக் காட்டினாள். அவள் வீடு கன்னட வீடு. அங்கே ஆறு என்றால் எண் மட்டும்தான். தண்ணீர் ஓடினால் அது ஹொளெ. வகுப்பே சிரித்தது. ராஜசேகர் சிரிக்கவில்லை. எதுவும் புரியாமலே சரியாகச் சொல்கிற பிள்ளையால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும், வெள்ளிக்கிழமை டிசி கொடுத்து கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்ரியா விரல்களை மடக்காமல் நின்றாள். மடக்கச் சொல்ல ரேவதிக்கு மனம் வரவில்லை. "அவ சொன்னதும் சரி, நாம சொல்றதும் சரி. சிரிச்சது மட்டும்தான் தப்பு," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அப்போதுதான், அந்தப் பிள்ளை தூக்கியிருந்த விரல்களுக்குக் கணக்காக, முதன்முதலாகத் தண்ணீர் வந்தது.

அதற்குப்பின் வகுப்பில் யாருக்கும் பூகோளம் மறக்கவில்லை. கதை ஓசூருக்கு வந்தபோது தண்ணீரில் நுரை வந்தது. படத்தில் நுரை இல்லை. ரேவதி துணியால் ஒற்றியெடுத்தார். பிள்ளைகள் கம்பெனிக் கழிவின் அந்த நுரையைப் பார்த்து வளர்ந்தவர்கள். கடைசிப் பக்கத்தில் விரலை நனைத்து நக்கிப் பார்த்து, உப்பு என்றார்கள்.

ராஜசேகர் ரேவதியைக் கூப்பிட்டனுப்பினார். "தண்ணி வர்றதப் பத்தி ஒண்ணுமில்ல டீச்சர். பாடத்திட்டத்துல இல்லாத தண்ணி, அதான் பிரச்சினை," என்றார். புத்தகத்தை வாங்கித் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை தாளாளர் அறையில் டிசி எழுதித் தயாராக இருந்தது, வகுப்பாசிரியை கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அனுப்ரியாவின் அம்மா கெம்பம்மா, கெலமங்கலம் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு போடுகிறவர், முள் கீறிய கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "எம்மகளு பொய் சொல்லலீங்க சார். எங்கூட்ல ஆறுன்னா அதுதானுங்க," என்றார். அதை அத்திப்பள்ளியில் போய்ச் சொல்லட்டும் என்றார் ராஜசேகர்.

ரேவதி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "நான் போடமாட்டேங்க சார். தெரிஞ்சதச் சொன்னதுக்கு ஒரு கொழந்த வெளிய போவணும்னா, மொதல்ல போவ வேண்டியது நான். எனக்கும் சேத்து எழுதிடுங்க." குரல் உயரவில்லை. சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்.

அந்நேரம் வகுப்பறையில் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கதையை ஆரம்பித்திருந்தார்கள். புத்தகம் பீரோவுக்குள் இருந்தது. கதை அவர்களிடம் இருந்தது. ஒருவர் தமிழில் சொல்ல, அடுத்தவர் தெலுங்கில் தொடர, அனுப்ரியா தன் முறை வந்ததும் எழுந்து நின்று, ஹொளெக் கரையில் நடந்த ஆட்டுக்குட்டியைக் கன்னடத்தில் சொன்னாள். பூட்டிய பீரோவின் இடுக்கிலிருந்து தண்ணீர் இறங்கியது. ராஜசேகர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். சத்தம் போட்டுப் பார்த்தார். அதற்குள் இரண்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்ந்துகொண்டன. தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் பிள்ளைகளின் வாயை எல்லாம் நிறுத்த வேண்டும் என்பதை அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து ரேவதியிடம் நீட்டினார். கையெழுத்தாகாத டிசியை மடித்து மேசை டிராயரில் போட்டு மூடினார். கெம்பம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தாண்டி வேலைக்குப் போனார்.

அனுப்ரியா இப்போது நான்காம் வகுப்பு. அந்த வகுப்பையும் ரேவதிதான் எடுக்கிறார். இந்த ஆண்டு அவர் மலைகளைப் பற்றிய கதைப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவரப்போவதாகத் தெரிந்ததும், ராஜசேகர் மணிவேல் என்ற கொத்தனாரை வரவழைத்து, வகுப்பறையின் கூரைத் தகடுகளை முன்கூட்டியே கழற்றி ஓரமாக அடுக்கிவைக்கச் சொல்லிவிட்டார்.