முரானோவை விட்டு ஓடியவன்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வெனிஸ் மேல் இருந்த காதலால் பிறக்கவில்லை. 1991 மாசிக் குளிரில், லண்டன் டூட்டிங் நூலகத்தின் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது வரலாற்று அலுமாரி. உடம்பு சூடாகும்வரை கைக்கு வந்ததை வாசித்தேன். வெனிஸை நான் கண்ணால் கண்டதில்லை. அதற்காக எழுதாமல் விடுவேனா?

2
முதல் தொடக்கம்: 'நீரில் மிதந்தெழுந்த நகரம் அது, காலைக் கதிரொளியில் அதன்—'
சீச்சீ, சுற்றுலா விளம்பரம்.

இரண்டாவது: உழ ஒரு சாண் நிலமில்லாத சனம் சேற்றில் மரக்குற்றிகளை அடித்திறக்கி, மேலே வீடு கட்டி, வாய்க்கால்களைத் தெருவாக்கி, முதலில் உப்பும் பிறகு கிழக்கின் மிளகும் கறுவாவும் விற்று ஐரோப்பாவையே வாசலுக்கு வரவைத்தது.
இது நல்லது. இருக்கட்டும்.

3
தீக்குப் பயந்து 1291இல் வெனிஸின் கண்ணாடி உலைகளைப் பக்கத்திலிருந்த முரானோத் தீவுக்கு மாற்றினார்கள். தொழில் இரகசியம் வெளியே போகக்கூடாது. ஓடிப்போன தொழிலாளி திரும்பாவிட்டால் அவன் உறவினரைச் சிறையில் அடைக்கலாம் என்று பின்னாளில் சட்டமும் வந்தது. (இதுவரை புத்தகத்தில் உள்ளது. இனி நான் பொறுப்பு.)

என் ஆள் பியேரோ, கண்ணாடித் தொழிலாளி, லண்டனுக்கு ஓடி வருகிறான். அவன் தம்பியைச் சிறையில் போடுகிறார்கள். 'நீ வந்தால் அவனை விடுவோம்' என்று கடிதம் வருகிறது. தம்பிக்குப் பெயர் வைக்க நேரமில்லை; பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டு விட்டேன். கடைசியில் பியேரோ ஊருக்குக் கப்பல் ஏறுகிறான். வாசகர் அழுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

4
எங்கள் சஞ்சிகைக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பவர் கஸ்பர், மன்னார்க்காரர். டூட்டிங்கில் பலசரக்குக் கடைக்கு மேலே அவருக்குச் சின்ன அறை. என் கதையைக் கடைசிப் பக்கம்வரை மளமளவென்று அடித்தவர் கையை எடுத்துவிட்டார்.

"அண்ணை, இவன் திரும்பிப் போறதை என்னால அடிக்க ஏலாது."

"ஏன் ஐசே, என்ரை எழுத்து விளங்கேல்லையோ?"

"வடிவா விளங்குது. போனா ரெண்டு பேரையும் உள்ளுக்கை போடுவாங்கள். அவங்கட சொல்லை நம்புறியளோ?"

கோபம் வந்தது. எழுதுகிறவன் நானா, இவரா? சரியென்று அங்கேயே மாற்றினேன்: பியேரோ போகவில்லை, லண்டனில் கலியாணம் கட்டி, கடை போட்டு—

"இதையும் அடிக்க ஏலாது. அப்ப தம்பி?"

"என்னதான் செய்யச் சொல்லுறீர்?"

கஸ்பர் நான் கோடு போட்ட இடத்தைக் காட்டினார். "இதிலை ஒரு பேர் போடட்டோ?"

"போடும்."

அருட்பிரகாசம் என்று அடித்தார். வெனிஸ்காரனுக்கு இப்படியொரு பெயரா என்று சிரிக்க வாயைத் திறந்தேன்.

"என்ரை தம்பி, அண்ணை. நான் லண்டனுக்கு வெளிக்கிட்டு ஒரு கிழமையிலை ஆமி என்னைத் தேடி வந்து அவனைக் கொண்டு போனது. இப்ப அஞ்சு வருசம். அம்மா ஒவ்வொரு கடிதத்திலையும் எழுதுறா, வந்திடாதை எண்டு."

கடைசிப் பக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

5
பிறகு ஏழு முடிவுகள் எழுதினேன். ஏழும் திறமாகத்தான் இருந்தன. கிழித்துவிட்டேன்.

ஆகவே, வாசகரே, பியேரோ துறைமுகத்தில் நிற்கிறான். கப்பல் இன்னும் புறப்படவில்லை. 'போ' என்பதோ 'நில்' என்பதோ உங்கள் விருப்பம். ஆனால் கடிதம் எழுதி அனுப்பாதீர்கள். டூட்டிங்குக்கு வந்து, அந்த அறைக்கு ஏறி, கஸ்பரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.